எல்லா ஓட்டத்துக்கும் ஒரே ஜோடி: பெங்களூரு சாலைகளுக்குக் குஷன் ஷூ எடுப்பது எப்படி

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள், மொத்தமாக 20 முதல் 40 கிலோமீட்டர் வரை ஓடுகிறவர் என்றால் உங்களுக்கு ஒரே ஒரு நல்ல ஜோடி போதும். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ வேண்டாம், கால் வைத்ததும் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்குகிற ஷூவும் வேண்டாம். நடுத்தரமான குஷன், நனைந்த கருங்கல்லில் ஓரளவு பிடிக்கிற அடி, விரல்கள் விரிந்து உட்கார இடம், இந்த மூன்றும் இருக்கிற ஜோடி வேண்டும். கடைகளில் டெய்லி டிரெய்னர் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மெதுவாக ஓடும் நாள், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம், எப்போதாவது வேகம் கூட்டும் நாள் எல்லாவற்றையும் அது ஒன்றே தாங்கும்.

இதை நான் சரியாகத் தெரிந்துகொள்ள ஐந்து வாரம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஆன்லைன் தள்ளுபடியில், இருப்பதிலேயே உயரமான, மெத்தென்ற சோல் உள்ள ஷூவை ஆபீஸ் ஷூவின் அளவிலேயே ஆர்டர் செய்துவிட்டேன். இரண்டாவது வாரமே பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன. அதையும் பொறுத்துக்கொண்டு ஓடினேன். ஜோகுபாளையத்தில் ஒரு காலை, நடைபாதைக் கல் ஒன்று விளிம்பில் சற்றுத் தூக்கியிருந்த இடத்தில் கால் பட்டதும் அந்த உயரமான மெத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து கணுக்கால் மடங்கிவிட்டது. அதன் பிறகு என்னிடம் யார் ஷூ பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது பிராண்டும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்பதுதான்.

நம் ஊரில் ஓடும் தரை எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கப்பன் பார்க்கில் தார் ரோடும் மண் பாதையும் மாறி மாறி வரும், ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் தார் ரோட்டிலேயே நிம்மதியாக ஓடலாம். லால்பாக்கில் பாதை நன்றாக இருக்கும், ஆனால் அந்த 300 கோடி வருடத்துப் பாறை மேல் மழை நாளில் ஏறி இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் கிரிப் என்றால் என்னவென்று. அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடினால் பாதி நேரம் நடைபாதைக் கல்லிலும் பாதி நேரம் சாலையிலும் இருப்பீர்கள். பல பெரிய சாலைகளைச் சிமெண்ட் ரோடாக மாற்றிவிட்டார்கள். போதாததற்கு ஊரே மேடும் பள்ளமும். மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை எந்த நாள் மழை வரும் என்று சொல்ல முடியாது. ஆக, உங்கள் ஷூ பெரும்பாலும் கெட்டித் தரையில், பல நேரம் ஈரத்தில், அடிக்கடி சமமில்லாத விளிம்புகளில் இறங்கப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி ஷூக்கள் தானாகவே கழிந்துவிடும்.

சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து நின்றதில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அதேபோல வீங்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள், கடையில் தருகிற மெல்லிய சாக்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் தடித்த சாக்ஸ் போட்டால் அளவே மாறிவிடும். பழைய ஷூவையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் தேயும்.

அளவு விஷயத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் என்னிடம் வந்து சொல்லப்படும் ஷூ பிரச்சினைகளில் பெரும்பாலானவை கடைசியில் அளவில்தான் போய் நிற்கின்றன. யூ.கே. அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். அரை எண் என்றால் 4 மில்லிமீட்டர் சொச்சம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் கொஞ்சம் சறுக்கும், இறக்கத்தில் இன்னும் அதிகம். அதனால் எழுந்து நின்று, லேஸை இறுக்கிக் கட்டி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான விரல் என்றால் எல்லோருக்கும் பெருவிரல் இல்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும். ஆபீஸ் ஷூவை விட அரை எண், சிலருக்கு ஒரு எண் கூட ஆகும். அதில் ஒன்றும் தப்பில்லை, எண் அட்டைப்பெட்டியில் எழுதுவதற்குத்தான்.

நீளம் சரியாகிவிட்டால் அகலம். சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து வாழ்பவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வும் அவர்களுடைய பாதம் ஒப்பீட்டில் அகலம் என்றே சொன்னது. ஆனால் வெளிநாட்டு அச்சில் செய்த பல ஷூக்கள் முன்னால் கூம்பிக்கொண்டு போகும். சுண்டுவிரல் பக்கம் துணி புடைத்துக்கொண்டு நின்றால் அந்த ஷூவை வைத்துவிடுங்கள், போகப் போக லூசாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்தக் காலத்து ஷூ தோல் செருப்பு இல்லை, பழகப் பழக விரிவதற்கு. சில மாடல்கள் அகலப் பதிப்பிலும் வரும், ஆண்கள் ஷூவில் சாதாரண அகலம் டி, அகலப் பதிப்பு டூ-ஈ. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, அதாவது அதைவிடக் குறுகியது. அகலமான பாதம் உள்ள பெண்கள் தயங்காமல் ஆண்கள் மாடலையும் போட்டுப் பார்க்கலாம், குதிகால் பிடித்தால் சரி.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கக் கூடாது. கொஞ்சமாக ஆடினால் மேலே கடைசியில் கூடுதலாக இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துங்கள்: அந்தந்தப் பக்கத்து லேஸை அதே பக்கத்து ஓட்டையில் விட்டு ஒரு சிறு வளையம் செய்து, எதிர்ப்பக்கத்து லேஸ் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாமல் உட்காரும். முன்பக்கம் இறுக்காமலேயே பின்பக்கம் பிடிக்க வைக்கிற வழி இது.

போன வருடம் என் அண்ணிக்கு ஷூ எடுக்கப் போனோம். அவருக்கு வயது 46, 2008-லிருந்து இங்கே நடக்கிற வேர்ல்ட் 10கே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ஓடவே ஆரம்பித்தார். கடையில் ஒரு தம்பி அவரை அழுத்தம் அளக்கிற பலகையில் ஏற்றி நிற்கவைத்து, திரையில் சிவப்பும் பச்சையுமாக வந்ததைக் காட்டி, மேடம் உங்களுக்குத் தட்டைப் பாதம், பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்குகிற ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும், இல்லையென்றால் முழங்கால் போய்விடும் என்றார். அண்ணி என்னைப் பார்த்து, "தம்பி, எனக்குக் கால்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டபோது அவர் முகமே வாடிப்போயிருந்தது.

பிரச்சினை இல்லை. பாத வளைவைப் பார்த்து ஷூ வகையைத் தேர்ந்தெடுத்தால் அடிபடுவது குறையுமா என்று அமெரிக்க ராணுவம், கடற்படைக் காலாட்படை, விமானப்படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து ஆய்வு செய்து 2009, 2010 வாக்கில் வெளியிட்டார்கள், வளைவு பார்த்து ஷூ கொடுத்ததால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஓட்டத்தையும் ஷூவையும் ஆராய்ந்த பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015-இல் எழுதிய கட்டுரை இன்னும் எளிமையான ஒரு வழியை முன்வைத்தது: போட்டுப் பார்க்கும்போது உங்கள் காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதுவே உங்கள் உடம்பின் அசைவுக்குப் பொருந்துகிற ஷூவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வலி இருந்து மருத்துவர் ஒரு வகையைச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், அதன்படி செய்யுங்கள். மற்றவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அண்ணி ஐந்து ஜோடி போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே நடைபாதையில் ஐம்பதடி ஓடிவிட்டு வரச் சொன்னேன், கடைக்காரர்களும் மறுக்கவில்லை. கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். கம்பளம் விரித்த கடைக்குள் நாலடி நடந்தால் எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். நான்காவது ஜோடியில் திரும்பி வந்து, "தம்பி, இதுல ஷூ போட்டிருக்கிறதே தெரியல" என்றார். அதைத்தான் எடுத்தோம். இடது காலில் ஒரு ஷூவும் வலது காலில் இன்னொரு ஷூவுமாகப் போட்டுப் பார்ப்பதும் நல்ல வழி, வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இப்போது குஷனுக்கு வருவோம், பணம் அதிகம் போகும் இடம் இதுதான், குழப்பமும் இங்கேதான். பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற தடித்த ஃபோம் பகுதிதான் மிட்சோல். பல வருடங்களாக அது ஈ.வி.ஏ. என்கிற பொருளால்தான் செய்யப்படுகிறது. மலிவு, லேசு, ஆனால் மிதிபட மிதிபடத் தட்டையாகிவிடும். 2013-இல் அடிடாஸ் பூஸ்ட் என்ற பெயரில் டி.பி.யூ. என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் மணிகளை ஒட்டிச் செய்த ஃபோமைக் கொண்டுவந்தது. நன்றாகத் துள்ளும், நீண்ட நாள் உழைக்கும், கனம் மட்டும் கூடுதல். பந்தய ஷூக்களில் வருகிற பீபா என்கிற இன்னொரு பிளாஸ்டிக் வகை ஃபோம் மிகவும் லேசு, துள்ளலும் அதிகம், விலையும் அதிகம். இப்போது நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் ஏற்றி நுண்ணிய குமிழ்களோடு செய்கிற ஃபோம்கள் சாதாரண விலை ஷூக்களிலும் வர ஆரம்பித்துவிட்டன. தினசரி ஓட்டத்துக்கு நல்ல ஈ.வி.ஏ. கலவையோ இந்த வாயு ஏற்றிய வகையோ தாராளமாகப் போதும்.

குஷன் தேவையா என்றால், தேவைதான். லக்சம்பர்க்கில் 848 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஒரு சோதனையில், வெளியே ஒரே மாதிரி தெரிகிற கெட்டி ஷூவையும் மென்மையான ஷூவையும் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். கெட்டி ஷூ போட்டவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு இருந்தது. கனமானவர்களுக்குத்தான் குஷன் வேண்டும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அதில் தெளிவாகப் பலன் அடைந்தவர்கள் எடை குறைந்தவர்கள். ஆகவே ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு மெல்லிய சோல் போதும் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அதே சமயம் மென்மை வேறு, உயரம் வேறு. சாலைப் பந்தயங்களில் சோலின் உயரத்துக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கிற வரம்பு 40 மில்லிமீட்டர். பயிற்சி ஷூக்களுக்கு அந்த விதி கிடையாது என்பதால் அதையும் தாண்டி அடுக்குகிறார்கள். நம் நடைபாதைகளுக்குக் குதிகாலில் 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும் என்பது என் எண்ணம். அதைவிட முக்கியம் அடியின் அகலம். ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், நடுப்பகுதி ரொம்பவும் ஒடுங்கியிருந்தால் கல் விளிம்பில் கால் பட்டதும் ஒரு பக்கம் சாயும். மிட்சோலின் பக்கச் சுவர்கள் பாதத்தைக் கிண்ணம் மாதிரி கொஞ்சம் அணைத்துப் பிடித்தால் மென்மையான ஃபோமும் நிலையாக நிற்கும். கடையிலேயே ஒற்றைக்காலில் பத்து விநாடி நின்று பாருங்கள், நிற்கும்போதே தள்ளாடினால் ஓடும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டிராப் என்று ஒரு எண் சொல்வார்கள், குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. பூஜ்யத்திலிருந்து 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். டிராப் குறையக் குறைய வேலை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணுக்கும் போகும், கூடக் கூட முழங்காலுக்குப் போகும். புதிதாக ஓடுகிறவர்கள் 8 முதல் 10 வரை உள்ளதை எடுத்தால் பெரும்பாலும் ஒத்துவரும். ஏற்கெனவே ஒரு டிராப்பில் வலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதை ஏன் மாற்ற வேண்டும்?

எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் உடம்புக்கு ஆகிற கூடுதல் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம். 250 முதல் 300 கிராமுக்குள் இருந்தால் சரி.

அடி ரப்பரில் கஞ்சத்தனம் செய்த ஷூக்கள் இப்போது நிறைய வருகின்றன, எடையைக் குறைக்க ஃபோமையே தரையில் பட விட்டுவிடுகிறார்கள். ஜல்லி ஒட்டிக்கொண்டிருக்கிற தாரிலும் நம் நடைபாதையிலும் அந்த ஃபோம் சீக்கிரமே பிய்ந்துபோகும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். குதிகாலின் வெளி ஓரத்திலும் முன்பாதத்திலும் ரப்பர் இருக்க வேண்டும். ஆழமான பற்கள் தேவையில்லை, அது காட்டுப் பாதைக்கு. கப்பன் பார்க் மண்ணுக்குச் சாதாரண வரிகளே போதும்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். நைக் பெகாசஸ் 1980-களின் தொடக்கத்திலிருந்து வருகிறது, சற்றே கெட்டி, எல்லா வேகத்துக்கும் ஒத்துப்போகும். ஆசிக்ஸில் கியூமுலஸ் நிதானமான ஷூ, நோவாபிளாஸ்ட் துள்ளல் அதிகமான ஷூ. புரூக்ஸ் கோஸ்ட், சாக்கனி ரைடு, நியூ பேலன்ஸ் 880 எல்லாம் இதே இனம்தான். 2014-இல் வந்த ஹோகா கிளிஃப்டன் தடித்த சோலும் உருளுகிற வடிவமும் கொண்டது, சிலருக்கு முதல் நாளே பிடிக்கும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பட்ஜெட் குறைவு என்றால் டெக்கத்லானின் கிப்ரன் வரிசையைப் போட்டுப் பாருங்கள். நடைபாதையிலேயே அதிகம் ஓடுகிறவருக்கு நான் கியூமுலஸ், பெகாசஸ் பக்கம் கை காட்டுவேன். கப்பன் பார்க் தார் ரோடு, கண்டீரவா டிராக் என்று சமதளத்தில் ஓடுகிறவர் நோவாபிளாஸ்டை ரசிப்பார். ஒன்று மட்டும் கவனம்: பெயருக்குப் பின்னால் வருகிற எண் மாறினால் அச்சும் ஃபோமும் மாறியிருக்கலாம். பெகாசஸ் 40 உங்களுக்குப் பொருந்தியது என்பதற்காக பெகாசஸ் 41-ஐப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். புது எண் வந்ததும் பழைய எண்ணின் விலை இறங்கும். பெரிய பிராண்டுகளின் புது ஷூ பத்தாயிரத்துக்கு மேலே போகிற இந்தக் காலத்தில் போன வருடத்து மாடலை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கி வந்ததும் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள், எங்காவது உரசினால் அழுக்காகாமல் திருப்பிக் கொடுக்கலாம். முதல் ஓட்டம் 3 கிலோமீட்டர் போதும், பழைய ஷூவையும் இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் போடுங்கள். மழையில் நனைந்தால் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற மெல்லிய இன்சோலைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டாலும் வாஷிங் மெஷினில் போட்டாலும் ஒட்டுப் பசை விட்டுப்போகும், ஃபோமும் கெடும்.

வாரம் 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் இரண்டாவது ஜோடியை யோசிக்கலாம். இதற்கும் லக்சம்பர்க்கிலிருந்தே ஒரு ஆய்வு இருக்கிறது: 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த இரண்டாவது ஜோடி முதல் ஜோடியைப் போலவே இல்லாமல் சற்று வேறு மாதிரி இருக்கட்டும். மழைக்காலத்தில் ஒன்று காயும்போது இன்னொன்றில் ஓடலாம் என்பது கூடுதல் வசதி.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாங்கிய தேதியை இன்சோலுக்கு அடியில் பேனாவால் எழுதிவையுங்கள். அண்ணி சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தைக் குறித்து மாதக் கடைசியில் கூட்டிவிடுவார், இப்போது 430-இல் இருக்கிறார். மேல்துணி புதிதாகவே தெரியும், அதை நம்பாதீர்கள். மிட்சோலின் பக்கவாட்டில் சுருக்கங்கள் ஆழமாகிக் கட்டைவிரலால் அழுத்தினால் மீண்டு வராமல் இருந்தாலோ, காரணமே இல்லாமல் கெண்டைக்காலோ முழங்காலோ வலிக்க ஆரம்பித்தாலோ நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழைய ஜோடியைக் காய்கறி வாங்கப் போகும்போது போடுங்கள். ஓடுகிற ஜோடியை மட்டும் ஆபீசுக்கும் கடைக்கும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அந்த நடையும் அதன் ஆயுளில்தான் கழியும்.